பன்னிரண்டு பெட்டி எண்ணுறதுக்குள்ள

எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில், தண்டவாளத்தை ஒட்டிய தெரு. 2020-இல் மகனுக்குப் பத்து வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு குறைவு, எண்ணுவதில் உயிர். சாயங்காலம் ஐந்து மணிக்கு ராயபுரம் ஸ்டேஷனில் நின்று மின்சார ரயில் பெட்டிகளை எண்ணிவிட்டு வந்தால்தான் ராத்திரி தூங்குவான். 1856-இல் திறந்த அந்தக் கட்டடத்தின் தூண்களைக்கூட எண்ணி வைத்திருக்கிறான்.

மார்ச்சில் கொரோனாவால் பள்ளி, தெரபி, ரயில் மூன்றும் அடுத்தடுத்து நின்றன. ஐந்து மணியானால் செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்பான். "நாளைக்குப் போலாம் கண்ணு" என்பேன். பெரிய தப்பு அது. அவனுக்கு நாளை என்றால் நாளைதான். மூன்றாம் நாள் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டான். சரக்கு ரயில்கள் ஓடிக்கொண்டே இருந்ததால் சத்தம் வேறு கேட்கும். ரயில் ஓடுகிறதே, அம்மா ஏன் கூட்டிப்போகவில்லை?

தெரபி டீச்சர் போனில் சொன்னார்: "உங்களுக்கே தெரியாததைச் சொல்லாதீங்கம்மா. இன்னைக்கு என்ன நடக்கும்னு மட்டும் காட்டுங்க." அன்றிலிருந்து காலையில் காலண்டர் தாளைக் கிழிப்பது அவன் வேலை. அதன் பின்பக்கம் அன்றைய நாளை வரைவேன்: குளியல், தோசை, மதியத் தூக்கம், ஐந்து மணிக்கு மொட்டை மாடி. அங்கிருந்து சரக்கு வேகன்களை எண்ணினான். முடிந்ததை அவனே பேனாவால் அடிப்பான். முட்டுவது ஒரேயடியாக நிற்கவில்லை, குறைந்தது.

மாஸ்க்கில்தான் ரொம்பத் திணறினோம். கடையில் வாங்கியதைத் தொட்டாலே உதறினான். முகத்தைவிடக் காதில் இழுக்கும் எலாஸ்டிக்தான் அவனைப் படுத்துகிறது என்று புரியவே ஒரு வாரம் ஆனது. அவங்க அப்பாவின் பழைய லுங்கியைக் கிழித்துத் தைத்தேன். துவைத்துத் துவைத்து மிருதுவான துணி, வாசனையும் பழகியது. அவன் தொப்பியில் இரண்டு பட்டன் வைத்து, நாடாவை அதில் மாட்டினேன். முதலில் மடியில், பிறகு தாடையில், பிறகு மூக்கின் மேல் ஐந்து எண்ணும் வரை. பத்து நிமிஷம் தாங்க இருபது நாள் பிடித்தது.

ஜூனில் என் கணவருக்குக் காய்ச்சல், கொரோனா பாசிட்டிவ். ஆம்புலன்ஸ் வந்து கூட்டிப்போனது. வீட்டு வாசலில் ஸ்டிக்கர், தெரு முனையில் தகரத் தடுப்பு. எங்கள் இருவருக்கும் டெஸ்ட் எடுக்க வந்தவர் அவசரத்தில் இருந்தார். "கையைப் பிடிச்சுக்கோங்கம்மா" என்றார். பிடித்தேன். இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. அவன் கத்திய கத்தலில் மாதிரி எடுக்காமலே திரும்பிப் போனார்கள்.

அன்று ராத்திரியே ஒத்திகையைத் தொடங்கினேன். டெஸ்ட் எடுக்க வருகிறவர் மாதிரி ரெயின்கோட், மாஸ்க், கண்ணாடி போட்டு நின்று, கழற்றி என் முகத்தைக் காட்டி, மறுபடி போட்டேன். காது குடையும் பஞ்சுக் குச்சியால் என் மூக்கு நுனியைத் தொட்டேன், அப்புறம் அவன் மூக்கு நுனியை. தொடும்போது பன்னிரண்டு பெட்டி எண்ண வேண்டும். பன்னிரண்டாவது போனால் குச்சியும் போய்விடும். தாளில் அதையும் வரைந்தேன். மறுநாள் டெஸ்ட் எடுக்கிறவர்களிடம் போனில் முன்கூட்டியே சொன்னேன்: "தம்பிக்கு ஆட்டிசம்; மாற்றுத்திறனாளி அட்டை இருக்கு; பத்து நிமிஷம் கூடுதலா ஆகும்." 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு, அட்டை வாங்கியிருந்தது அன்று கைகொடுத்தது. வந்த பெண் கேட்டுக்கு வெளியே தள்ளி நின்று, "தம்பி, அக்கா பேரைச் சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்தார். முதலில் எனக்கு எடுத்தார். பிறகு அவன் வாயைத் திறந்தான். மூக்குக்கு வரும்போது அழுதான், ஆனால் எண்ணுவதை விடவில்லை.

இருவருக்கும் நெகட்டிவ். அவரும் நல்லபடியாக வீடு திரும்பினார்.

2022 மார்ச்சில் 12 வயதுக்காரர்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியபோது அதே மாதிரி தாளோடு போனோம். நர்ஸம்மா எங்களுக்காகக் காத்திருந்தார். ஊசி மூன்றாவது பெட்டியிலேயே முடிந்துவிட்டது. அவன் சட்டைக் கையைத் தூக்கியபடியே பன்னிரண்டு வரை எண்ணி முடித்தான். அதுவரை அவரும் பஞ்சை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.