ஒரு நகரத்தின் வாணவேடிக்கை: முதல் கூட்டத்திலிருந்து மதிப்பீட்டு அறிக்கை வரை

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குப் பக்கம் உள்ள ஒரு நடுத்தர நகரத்தின் பூங்கா, பொழுதுபோக்கு ஆலோசனைக் குழுவில் நான் சில காலம் உறுப்பினராக இருந்தேன். சம்பளமில்லாத பதவி, நகர மன்றம் நியமிக்கும் குடிமக்கள் கூடிப் பேசி மன்றத்துக்குப் பரிந்துரை அனுப்புவதோடு எங்கள் அதிகாரம் முடிந்துவிடும். எங்கள் முன் வரும் பொருள்களில் அதிக நேரம் பிடித்தது, அமெரிக்க விடுதலை நாளான ஜூலை 4 அன்று நகரம் நடத்தும் வாணவேடிக்கை. 2025-ஆம் ஆண்டு நிகழ்ச்சியை முதல் கூட்டத்திலிருந்து கடைசி அறிக்கை வரை பின்தொடர முடிந்தது. இருபது நிமிடக் காட்சி எப்படி முடிவாகிறது, அது நன்றாக நடந்ததா என்பதை ஒரு நகரம் எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முதல் கூட்டத்தில் வண்ணங்களைப் பற்றியும் இசையைப் பற்றியும் பேச்சு வரும் என்று எதிர்பார்த்துப் போனோம். தீயணைப்புத் துறை அதிகாரியோ பூங்காவின் வரைபடத்தை விரித்து அதில் வட்டங்களை வரையத் தொடங்கினார். வாணவேடிக்கைக்கென்று தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் வகுத்துள்ள 1123 என்ற விதித்தொகுப்பின்படி, குழாயிலிருந்து ஏவப்பட்டு வானில் வெடிக்கும் வாணக்குண்டின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 70 அடி தூரம் பார்வையாளர்களிடமிருந்து விலகியிருக்க வேண்டும். 3 அங்குலக் குண்டுக்கு 210 அடி, 4 அங்குலத்துக்கு 280 அடி, 6 அங்குலத்துக்கு 420 அடி. குண்டு பெரிதானால் அது ஏறும் உயரமும் ஏறத்தாழ அங்குலத்துக்கு நூறு அடி என்ற கணக்கில் கூடும். ஆகவே எத்தனை தெருக்களிலிருந்து காட்சி தெரியும் என்பதும் இந்த வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு வெற்று நிலம் இருக்கிறது என்பதே ஒரு நகரத்தின் வாணவேடிக்கையைத் தீர்மானிக்கிறது என்று அன்று எனக்குப் பட்டது, இன்றும் அந்த எண்ணம் மாறவில்லை.

எங்களுக்கு வந்த சிக்கல், பூங்காவின் கிழக்கு எல்லைக்கு அப்பால் புதிதாகத் திறக்கப்பட்டிருந்த முதியோர் பராமரிப்பு இல்லம். மருத்துவ, பராமரிப்பு நிலையங்களுக்கும் சிறைகளுக்கும் மேலே சொன்ன தூரம் இரு மடங்காக வேண்டும் என்கிறது அதே விதித்தொகுப்பு. வழக்கமாக வாணம் விடும் திடலிலிருந்து அந்த இல்லம் சுமார் 500 அடி தள்ளியிருந்தது. 3 அங்குலக் குண்டுக்கு 420 அடி போதும், 4 அங்குலத்துக்கோ 560 அடி தேவை. போதாததற்கு, இந்தப் பகுதியில் கோடை மாலைகளில் காற்று மேற்கிலிருந்து வீசும். புகையும் எரிந்த காகித அட்டைத் துண்டுகளும் அந்த இல்லத்தின் பக்கமே போகும். 3 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நானும் வேறு சிலரும் சொன்னோம். அப்படிச் செய்தால் நகரத்தின் தென்பகுதி மக்களுக்கு ஒன்றும் தெரியாது என்று மற்றவர்கள் வாதாடினார்கள். கடைசியில் 4 அங்குலக் குண்டுகளை வைத்துக்கொண்டு, வாணம் விடும் இடத்தை மேற்கே நகர்த்துவது என்று முடிவானது. மேற்கே இருந்தது பூங்காவின் வாகன நிறுத்துமிடம். அதில் பெரும்பகுதி பாதுகாப்பு வட்டத்துக்குள் போய்விட்டது.

இந்த விவாதத்தை இரண்டு பேர் தேநீர் குடித்துக்கொண்டே பேசி முடித்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் 1953-இல் இயற்றப்பட்ட பிரவுன் சட்டத்தின்படி, கலிபோர்னியாவின் உள்ளாட்சிக் குழுக்களில் உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் கூட்டத்துக்கு வெளியே, நேரிலோ மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ, குழுவின் பொருளை விவாதிக்கக் கூடாது. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அவர்கள் பேச நேரம் தர வேண்டும். முதலில் இது எரிச்சலூட்டியது. ஆனால் பராமரிப்பு இல்லத்தில் தன் தாயைச் சேர்த்திருந்த ஒருவர் அந்தப் பொது நேரத்தில் எழுந்து பேசியதால்தான் அந்த இல்லம் எங்கள் வரைபடத்திலேயே இடம்பெற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அனுமதிகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வாணத்தைக் கொளுத்துபவருக்கு மாநிலத் தீயணைப்புத் தலைமை அலுவலகத்தின் உரிமம், வெடிபொருளைச் சேமிப்பதற்கு ஒன்றிய அரசின் உரிமம், நிகழ்ச்சிக்கு உள்ளூர்த் தீயணைப்புத் துறையின் அனுமதி, நகரத்தின் பெயரையும் சேர்த்து எடுத்த காப்பீடு ஆகியவை வரிசையாக வந்து சேர்ந்தன. இந்தக் குழுவில் நான் இருப்பதை அறிந்த தமிழ் நண்பர்கள் பலர் சிவகாசிச் சரக்குதானே என்று கேட்டார்கள். இங்கே வானில் வெடிக்கும் குண்டுகளில் பெரும்பகுதி சீனாவிலிருந்து, குறிப்பாக ஹூனான் மாகாணத்தின் லியுயாங் வட்டாரத்திலிருந்து வருகிறது. ஒப்பந்தப் புள்ளிகளைப் பார்த்தபோது நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: குண்டுகளை ஏவும் குழாய்களைத் தாங்கும் சட்டகங்களை எப்படி முட்டுக்கொடுத்து நிறுத்துவீர்கள்? 2013 ஜூலை 4 அன்று தெற்கு கலிபோர்னியாவின் சிமி வேலியில் குழாய்ச் சட்டகம் சாய்ந்து, வாணங்கள் கூட்டத்தை நோக்கிப் பாய்ந்து பலர் காயமடைந்திருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு சான் டியாகோவில், கணினிக் கோளாறால் அன்றைய வாணங்கள் அனைத்தும் ஒரு நிமிடம்கூட ஆகாமல் ஒன்றாக வெடித்தன. அங்கே யாருக்கும் காயமில்லை. அதனாலேயே அது வேடிக்கைக் கதையாக நினைவில் நிற்கிறது, சிமி வேலியை மறந்துவிட்டார்கள்.

எல்லாம் முடிந்தது என்றிருந்தபோது, ஜூலை 1 அன்று யோலோ மாவட்டத்தின் எஸ்பார்ட்டோவில் வாணவெடிக் கிடங்கு ஒன்று வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். வட கலிபோர்னியாவில் பல ஊர்கள் தங்கள் நிகழ்ச்சிகளைக் கைவிட்டன. எங்கள் ஒப்பந்ததாரருக்கும் அந்தக் கிடங்குக்கும் தொடர்பில்லை. ஆனாலும் நகரத்துக்குள் வரும் குண்டுகள் அதுவரை எங்கே, யாருடைய பொறுப்பில் வைக்கப்பட்டிருந்தன என்று நாங்கள் எவருமே கேட்டிருக்கவில்லை என்பது அன்றுதான் உறைத்தது. நகர மேலாளர் ஒரே நாளில் அந்த விவரங்களை எழுத்தில் வாங்கிய பிறகே நிகழ்ச்சி நடக்கும் என்று அறிவிப்பு வந்தது.

நிகழ்ச்சி நடந்த இரவைப் பற்றிச் சொல்லக் குறைவாகவே இருக்கிறது. விரிகுடாப் பகுதியில் ஜூலை மாதப் பனிமூட்டம் வாணங்களை விழுங்கிவிடுவது உண்டு; அன்று வானம் தெளிவாக இருந்தது. ஒன்பதரை மணிக்குத் தொடங்கி, குறித்த நேரத்தில் முடிந்தது. மறுநாள் விடிந்ததும் வெடிக்காத குண்டுகள் கிடக்கின்றனவா என்று திடலைத் தேடிப் பார்க்க வேண்டும். அந்தத் தேடல் நடப்பதை உறுதிசெய்வது நிகழ்ச்சியை நடத்துபவரின், அதாவது நகரத்தின் பொறுப்பு. அதில் எதுவும் அகப்படவில்லை.

மதிப்பீட்டுக் கூட்டத்தில்தான் உண்மையான சண்டை. ஊழியர்கள் தயாரித்த முதல் அறிக்கையில், வந்தவர்களின் தோராயமான எண்ணிக்கை, ஆன பணம், காவல் துறையினரின் கூடுதல் நேர ஊதியம், இணையவழிக் கருத்துக்கணிப்பு, காவல் துறைக்கு வந்த பட்டாசுப் புகார்கள் ஆகியவை இருந்தன. கருத்துக்கணிப்பில் பதிலளித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மகிழ்ச்சி தெரிவித்திருந்தார்கள். அந்த இணைப்பு பூங்காவின் நுழைவாயிலில்தான் ஒட்டப்பட்டிருந்தது என்பதைக் கவனித்தால் அதில் வியப்பில்லை. காட்சியைப் பார்க்க விரும்பி வந்தவர்களிடம் காட்சி பிடித்ததா என்று கேட்டிருக்கிறோம். அதிகம் எழுதப்பட்டிருந்த குறை, வண்டி நிறுத்த இடமில்லை என்பது. ஊழியர்கள் அதை ஏற்பாட்டுக் குறைபாடு என்று பதிவுசெய்திருந்தார்கள். முதியோர் இல்லத்துக்காகத் தெரிந்தே கொடுத்த விலை அது என்றும், அதைத் தனிப் பத்தியில் எழுத வேண்டும் என்றும் நான் வற்புறுத்தினேன். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு புதிய உறுப்பினர் ஒருவர் நல்லெண்ணத்தோடு வாகன நிறுத்துமிடத்தை மீட்டுக்கொடுத்துவிடுவார்.

பட்டாசுப் புகார்களின் எண்ணிக்கை இன்னும் குழப்பமானது. ஜூலை 4 இரவு தெருக்களில் சட்டத்துக்குப் புறம்பாக வெடிப்பவை ஏராளம். நகரத்தின் நிகழ்ச்சியால் வந்த புகார்களும் அவற்றால் வந்தவையும் ஒரே கணக்கில் கிடந்தன. நகரமே நடத்தினால் தெருவில் வெடிப்பது குறையும் என்று ஒரு தரப்பு சொன்னது. அதற்கு எதிராகவோ ஆதரவாகவோ எங்களிடம் இருந்த ஒரே சான்று 2020, பெருந்தொற்றால் நிகழ்ச்சி நடக்காத ஆண்டு. அந்த ஆண்டு தெருப் பட்டாசு பெருகியது உண்மை. ஆனால் நிகழ்ச்சி இல்லாததாலா, மக்கள் வீட்டுக்குள் அடைபட்டிருந்ததாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. புகார்களை நேரவாரியாகவும் இடவாரியாகவும் பிரித்துத் தரும்படி கேட்டோம். பிரித்தபோது, எங்கள் காட்சி நடந்த நேரத்துக்குள் வந்தவை சிறு பகுதியே என்று தெரிந்தது.

காற்றின் தரத்தைப் பற்றி எங்களிடம் ஒரு அளவீடும் இல்லை. நாடு முழுவதும் 315 கண்காணிப்பு நிலையங்களின் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, ஜூலை 4 மாலை தொடங்கி 24 மணி நேரத்தில் நுண்துகள் அளவு சராசரியாக 42 விழுக்காடு கூடுவதைக் காட்டியிருந்தது. சராசரி என்பது நாட்டுக்கு. எங்களுக்குத் தேவைப்பட்டது, மேற்குக் காற்றின் வழியில் இருக்கும் அந்த ஒரு கட்டடத்தின் சன்னல் ஓரத்து அளவு. அங்குள்ள செவிலியர்களிடமும் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. கூட்டத்துக்கு வர முடியாதவர்களின் கணக்கை எடுக்காமல் மதிப்பீடு என்று ஒன்றை எழுதக் கூடாது என்று நான் சொன்னபோது தலைவர் மணியைப் பார்த்துக்கொண்டார். ஆனால் அது பரிந்துரையில் ஏறியது.

வாணத்துக்குப் பதில் ட்ரோன் காட்சி என்ற யோசனையும் வந்தது. சால்ட் லேக் சிட்டி 2023-இல் அப்படி மாறியிருந்தது. ட்ரோனுக்குப் புகையில்லை, சத்தமில்லை, காய்ந்த புல் பற்றிக்கொள்ளும் அச்சமில்லை. ஆனால் காற்று பலமாக அடித்தால் பறக்க முடியாது, எங்கள் ஊர் மாலைக் காற்றோ பெயர் பெற்றது. 2026 நாட்டின் 250-ஆவது விடுதலை ஆண்டு என்பதால் மன்றத்துக்கு மாற்றத்தில் ஆர்வமே இல்லை.

மன்றம் எடுத்த முடிவு: 2026-இலும் வாணவேடிக்கை தொடரும், 4 அங்குலத்துக்கு மேல் போகாது, வாணம் விடும் இடம் மேற்கிலேயே இருக்கும். பராமரிப்பு இல்லத்தின் கூரையில் ஜூலை முதல் வாரத்துக்கு முன்பே நுண்துகள் அளவியைப் பொருத்துவதும், அங்கு இரவுப் பணியில் இருப்பவர்களிடம் மறுநாள் கருத்துக் கேட்பதும், வெடிபொருள் சேமிப்பு விவரத்தை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குவதும் ஏற்கப்பட்டன. கருத்துக்கணிப்பைப் பூங்காவுக்கு வராத வீடுகளுக்கும் அஞ்சலில் அனுப்பலாம் என்ற பரிந்துரையைச் செலவு கருதி விட்டுவிட்டார்கள். ட்ரோன் ஒப்பீடு 2027-க்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.