18.2ஐ அடக்கினேன், 19.8 கிடைத்தது

சூரியச் சீற்றம் ரேடியோப் பதிவில் வரையும் வடிவத்தைச் சுறாத் துடுப்பு என்போம். அது எனக்குக் கிடைத்துவிட்டது. சென்ற வாரம் நண்பகலுக்குச் சற்று முன் 19.8 கிலோஹெர்ட்ஸ் அலையின் வலிமையைக் காட்டும் கோடு திடுமென எழும்பியது. பிறகு முக்கால் மணி நேரம் மெல்லச் சரிந்து பழைய நிலைக்கு வந்தது. சூரியனைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோளின் எக்ஸ் கதிர் வரைபடத்தைத் திறந்தால் அதே நேரத்தில் எம் வகைச் சூரியச் சீற்றம் ஒன்று (எக்ஸ் வகைக்கு அடுத்த வலிமை). கீழக்கரையில் ஒரு மொட்டை மாடியிலிருந்து இதைப் பிடித்திருக்கிறேன். இதில் எனக்குள்ள பெருமையை மறைக்கப் போவதில்லை.

சூரியச் சீற்றத்தை மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் பார்ப்பவர்களுக்கு நீர்மூழ்கிகளுக்கான ஒலிபரப்பு நிலையங்கள்தான் விளக்குக் கம்பங்கள். அவை இரவு பகலாக ஒலிபரப்புகின்றன. செய்தி முழுவதும் சங்கேதம். அதில் நமக்கு வேலையும் இல்லை, தேவையும் இல்லை. அலையின் வலிமை மட்டும் போதும். சீற்றத்தின் எக்ஸ் கதிர் வந்து தாக்கியதும் அயனி மண்டலத்தின் அடித்தட்டு கீழே இறங்குகிறது, நம் கோடு துள்ளுகிறது.

நம் பகுதியில் எல்லோரும் முதலில் பிடிப்பது திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணம்தான். 1990இல் தொடங்கப்பட்ட இந்தியக் கடற்படை நிலையம் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், 18.2 கிலோஹெர்ட்ஸ், 471 மீட்டர் உயரக் கம்பம். பாஞ்சாலங்குறிச்சிக்காரர் 1798இல் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்த இராமலிங்க விலாசம் எங்கள் மாவட்டத் தலைநகரில்தான் இருக்கிறது. அந்தப் பெயர் தாங்கிய நிலையத்தின் அலை இங்கே முழங்குவதைக் கேட்க எனக்கு எப்போதும் மகிழ்ச்சி. ஆனால் சீற்றம் பார்க்க அது உதவாது. நேர்கோட்டில் 150 கிலோமீட்டருக்குள் இருப்பதால் தரையை ஒட்டி வரும் அலையே பெரும்பங்கு வந்துவிடுகிறது. அயனி மண்டலம்வரை மேலே சென்று திரும்பும் பங்கு அதில் அமுங்கிப்போகிறது. 2024 மே 11 காலை 6.53க்கு உச்சம் தொட்ட எக்ஸ் 5.8 சீற்றத்துக்கே 18.2இல் கோடு லேசாக நெளிந்ததோடு சரி.

தொலைவிலிருந்து வரும் அலை வேண்டும். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் எக்ஸ்மவுத் ஊருக்கு வடக்கே, 19.8 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் நார்த் வெஸ்ட் கேப் நிலையம் இருக்கிறது. ஏவுகணை தாங்கிய அமெரிக்க நீர்மூழ்கிகளுக்குக் கட்டளை அனுப்புவதற்கென்றே கட்டப்பட்டு 1967 செப்டம்பரில் இயங்கத் தொடங்கியது. 13 கோபுரங்கள், நடுவில் நிற்பது 387 மீட்டர், திறன் ஒரு மெகாவாட். அந்த ஆண்டு டிசம்பரில் கடலில் நீந்தப் போய்த் திரும்பாத பிரதமர் ஹெரால்ட் ஹோல்ட்டின் பெயரை மறு ஆண்டு அதற்கு வைத்தார்கள். எக்ஸ்மவுத் ஊரே இந்த நிலையத்துக்காக எழுந்ததுதான். அங்கிருந்து நம் கரைக்கு ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய முழுவதும் கடல் வழி. இதைவிட நல்ல பாதை கிடைக்காது.

இவ்வளவு திறன் எதற்கு என்று பக்கத்து வீட்டுக் காக்கா (எங்கள் ஊரில் அண்ணன்) கேட்டார். கடல் நீரில் இந்த அலை ஒவ்வொரு ஒன்றே முக்கால் மீட்டருக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும் என்றேன். நீர்மூழ்கி மேற்பரப்பை ஒட்டி வந்தோ நீண்ட ஒயரை மேலே மிதக்கவிட்டோதான் கேட்க வேண்டும். இதே அலையில் பதில் சொல்லவும் முடியாது, ஏனென்றால் அலைநீளமே 15 கிலோமீட்டர்; அதற்கேற்ற ஆன்டெனா நீர்மூழ்கியில் அடங்காது. அவர் சங்கு குளித்தவர். "அப்படியென்றால் நான் இறங்கிய ஆழத்தில் ஒன்றும் கேட்காது" என்று உடனே கணக்குப் போட்டுவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், 18.2க்கும் 19.8க்கும் இடைவெளி 1.6 கிலோஹெர்ட்ஸ்தான். பக்கத்து முழக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் திணறினால் பிறகு மென்பொருளில் எவ்வளவு வடிகட்டினாலும் பயனில்லை. ஆகவே ஆன்டெனாவிலேயே கட்டபொம்மனை அடக்க வேண்டும்.

இங்கேதான் ஊரின் இருப்பிடம் கைகொடுத்தது. கீழக்கரையிலிருந்து விஜயநாராயணம் வடக்கிலிருந்து வலமாக 230 பாகையில், தென்மேற்கே. எக்ஸ்மவுத் 132 பாகையில், தென்கிழக்கே. இடையில் 98 பாகை, கிட்டத்தட்ட செங்கோணம். கம்பி சுற்றிய சதுரச் சட்டம்தான் என் ஆன்டெனா. அதன் தளத்தை விஜயநாராயணத்தின் திசைக்குச் செங்குத்தாக நிறுத்தினால் 18.2 செத்துவிடும், 19.8 நூற்றில் ஒன்றுகூடக் குறையாது. மன்னார் வளைகுடாக் கரையில் இருப்பவர்கள் யாரும் இதை வீணாக்கக் கூடாது.

காகிதத்தில் எளிது. என் சட்டம் மீட்டருக்கு மீட்டர் சதுரம், பி.வி.சி. குழாய்க்குள் 60 சுற்று. திருப்பிப் பார்த்தால் 18.2 குறைகிறது, ஆனால் சாவதில்லை. காரணம், சுருள் காந்தப்புலத்தோடு மின்புலத்தையும் வாங்குகிறது. அதற்குத் திசை கிடையாது. கவசம் போட்டே தீர வேண்டும். அலுமினியத் தாள் சுற்றினேன். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் ஒரே பருவத்தில் உப்புக் காற்று அதைத் தின்று வெள்ளைப் பொடியாக்கிவிட்டது. செம்புக் கம்பியை அதனோடு இணைத்த இடம்தான் முதலில் போனது. இப்போது முழுவதும் செம்பு நாடா, மூட்டுகள் எல்லாம் ஈயப் பற்று. மேல்விளிம்பின் நடுவே இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியைத் தொட்டு மூடிவிட்டால் கவசமே ஒரு குறுக்குச் சுற்றாகி எல்லா அலையையும் கொன்றுவிடும். கீழ்விளிம்பின் நடுவில் மட்டும் தரையிணைப்பு.

அதன் பிறகு கிடைத்த அடக்கம்தான் அடக்கம். ஒரு விரலால் சட்டத்தைத் தள்ளத் தள்ளத் திரையில் 18.2 முள் இறங்குகிறது, இறங்குகிறது, சட்டென்று இரைச்சலுக்குள் முழுகுகிறது. இன்னும் ஒரு மயிரிழை தள்ளினால் மறுபக்கம் எழுந்துவிடுகிறது. பள்ளம் ஒரு பாகை அகலம்கூட இருக்காது. கச்சான் அடித்தால் சட்டம் அந்த அளவுக்கு அசையும். அதனால் நான்கு பக்கமும் நைலான் கயிறு இழுத்துக் கட்டி, அடிக்குழாயைச் சிமெண்டில் இறக்கியிருக்கிறேன். இணைப்புப் பெட்டிக்கு வல்லங்களுக்குப் பூசும் ஃபைபர் ரெசின். கடற்கரையில் பசை, டேப் என்று எதை நம்பினாலும் ஓர் ஆண்டு தாங்காது.

கம்பி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. இணையத்தில் ஒரு கடையில் 26 கேஜ் என்று வாங்கிய எனாமல் கம்பி மெலிந்தும் தடித்தும் இருந்தது. எனாமல் நகம் பட்டாலே உரிந்தது. இராமநாதபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடையில் எடைக்கு வாங்கியது எவ்வளவோ மேல். மின்தேக்கிக்கு பாலிஸ்டைரீன்தான். பாலியெஸ்டர் வகை மாடி வெயிலில் மதிப்பு நகர்ந்து, சூரியனே செய்ததுபோல் தினமும் பொய் வளைவு ஒன்றைத் தருகிறது. நல்ல பாலிஸ்டைரீன் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் அரிதாகிவிட்டது. பழைய ரேடியோக்களைப் பிரித்துத்தான் எடுக்கிறேன்.

இன்னும் தீராதது இரவு இரைச்சல். மின்கம்பப் பீங்கான்களில் உப்புப் படிந்து, பனி இறங்கியதும் பொறி தட்டுகிறது. ஒரு நல்ல மழை பெய்து கழுவினால் அன்றிரவு கோடு கண்ணாடிபோல் இருக்கும். சமநிலை ஆம்ப்ளிஃபயர் (சுருளின் இரு முனையிலும் ஒன்றுபோல் வரும் இரைச்சலைக் கழிப்பது) போட்டால் பாதியாவது குறையும். சர்க்யூட் பலகை பொறித்தாயிற்று, பாகங்கள் இன்னும் பற்றவைக்கவில்லை. அதற்குள் மனம் அடுத்த சட்டத்துக்குப் போய்விட்டது. ஜப்பானின் எபினோ நிலையம் 22.2 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. அதற்கு, அலையை நொடிக்கு 96 ஆயிரம் முறை அளந்து பதியும் ஒலி அட்டை வாங்கப் போகிறேன். 2031 மே 21 அன்று கங்கண கிரகணம் தென் தமிழகத்தின் மேல் செல்கிறது. அன்றைக்கு இரண்டு பாதைகளிலும் பதிவு எடுக்க வேண்டும்.

தூத்துக்குடி, மண்டபம் பக்கம் யாராவது 19.8 பதிவு செய்தால் கோப்பைத் தாருங்கள். ஒரே சீற்றத்தை இரண்டு இடங்களில் ஒப்பிட்டால்தான் எது சூரியன், எது உள்ளூர் மின்சாரம் என்று அடித்துச் சொல்ல முடியும். செம்பு நாடா என்னிடம் மிச்சம் இருக்கிறது; கேட்பவருக்குக் கொடுக்கிறேன்.