மீனைவிட அலைக்குத்தான் வேலை அதிகம்

ஜப்பானிய மரபில் பச்சை குத்திக்கொள்ள விரும்பும் நண்பர்கள் பலர், கைப்பேசியில் ஒரு கோய் மீன் (வண்ணக் கெண்டை) படத்தைச் சேமித்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போய்விடுகிறார்கள். அந்த மரபில் மீன் பாதிதான். அதைச் சூழ்ந்து எழும் அலைகளும் காற்றைக் குறிக்கும் கரும்பட்டைகளும், தோளில் தொடங்கி முழங்கை மடிப்பைக் கடந்து அவை இறங்கும் ஒழுங்குமே மீதிப் பாதி. பருவமும் பார்க்க வேண்டும்: மேப்பிள் இலை இலையுதிர்காலத்துக்கும் செர்ரிப் பூ வசந்தத்துக்கும் உரியவை என்பதால், மரபறிந்தவர்கள் பொதுவாக இரண்டையும் ஒரே கையில் கலப்பதில்லை. நான் மேப்பிளைத் தேர்ந்தேன்.

இந்தப் பாணி பரவியதில் ஜப்பானிய ஓவியர் உதாகவா குனியோஷிக்குப் பெரும் பங்கு உண்டு. 1827 வாக்கில் அவர் வெளியிடத் தொடங்கிய மரக்கட்டை அச்சோவியங்களில், சுய்கோதென் என்று ஜப்பானியர் அழைக்கும் பழைய சீனக் கதையின் வீரர்கள் உடம்பெல்லாம் பச்சையோடு நின்றார்கள். எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துத் தீயணைப்பாளர்களும் கூலியாட்களும் அதைத் தம் தோலில் ஏற்றிக்கொண்டார்கள். 1872இல் ஜப்பானின் மெய்ஜி அரசு பச்சை குத்துவதற்கு விதித்த தடை 1948இல்தான் நீங்கியது. இன்றும் அங்கே பல வெந்நீர்க் குளியலகங்களில் பச்சை குத்தியவர்களுக்கு அனுமதியில்லை.

புதுச்சேரியில் எனக்குக் குத்தியவர், தாளில் வரைந்ததை அப்படியே ஒட்டாமல், பேனாவால் கையிலேயே வரைந்தார். கையை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். முழங்கையில் செதில் வரிசை கோணியதும் அழித்துவிட்டு அலையை அங்கே கொண்டுவந்தார். உறை பிரிக்காத ஊசியை என் கண்முன்னே பிரித்தார். கையால் குத்தும் தெபோரி முறை அவரிடம் இல்லை, இயந்திரம்தான். அமைப்பு சரியாக இருந்தால் அது குறையே இல்லை என்பது என் எண்ணம். வலி, முழங்கையின் உட்புறத்தில் மட்டும் பல்லைக் கடிக்க வைத்தது.

பண்ருட்டிப் பக்கம் சிறுவயதில் கோலப்புள்ளி குத்திக்கொண்ட பாட்டி, "ஏன்டா, கொஞ்சமாவது எடம் விட்டு வெச்சிருக்கக் கூடாதா?" என்றார். அவர் கையில் அந்தக் கறுப்பு இப்போது பச்சை கலந்த நீலமாகத் தெரிகிறது. என் அலைகளும் ஒருநாள் அப்படித்தான் ஆகும்.

புண் ஆறும்வரை கடலில் இறங்கக் கூடாது, வெயிலும் ஆகாது. நம்மூர்ப் புழுக்கத்தில் வியர்வைதான் பெரிய தொல்லை. தளர்ந்த பருத்திச் சட்டையும், நாளுக்கு இருமுறை மென்மையான சோப்பில் கழுவுவதும் போதுமானதாக இருந்தன. கோடுகளும் கருநிழலும் முடிந்துவிட்டன. மீனுக்குச் சிவப்பு ஏற்றுவதை மட்டும், வியர்வை குறையும் மார்கழிக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.