முப்பதாம் நாள்

"அக்கா, இவர் இறந்துட்டாரே! எப்படி 'உயிருடன்'னு போடறது?"

"28 நாள் தாண்டிட்டார்மா. போடு."

மாரடைப்பு நோயாளிகளின் பதிவேட்டில் என்னோடு வேலை செய்த பெண்ணுக்கும் எனக்கும் அவ்வளவுதான் பேச்சு. அவள் போட்டாள், ஃபைலை மூடினோம். நான்தான் இன்னும் மூடாமல் வைத்திருக்கிறேன்.

இந்த 28 நாள் விதி நான் உண்டாக்கியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மோனிகா ஆய்வு, 1980-களின் நடுவிலிருந்து பத்தாண்டு காலம் 21 நாடுகளில் 25 முதல் 64 வயதுள்ளவர்களிடம் இதய நோயைக் கண்காணித்தபோது போட்ட கோடு அது. மாரடைப்பு தொடங்கி 28 நாளுக்குள் இறந்தால் மரணம், தாண்டினால் பிழைத்தவர். அதற்குள் மறுபடி வலி வந்தாலும் அது பழைய தாக்குதலின் கணக்குதான். எங்கள் பதிவேடும் அதே கோட்டில்தான் ஓடியது. ஆளுக்கு ஒரு கணக்கு வைத்தால் ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு எப்படி ஒப்பிடுவது? இதய நோய்ச் சாவு குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு தாக்குதலே குறைந்ததால், ஒரு பங்கு பிழைப்பவர்கள் கூடியதால் என்று 1999-ல் அந்த ஆய்வு சொல்ல முடிந்ததற்கு இப்படிப்பட்ட கறார்தான் காரணம். தடுப்புக்கு எவ்வளவு, சிகிச்சைக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டிய கணக்கு அது. அதில் நான் கை வைக்கலாமா?

சரி, விதி சரிதான். ஆனால் அவள் விரல் வைத்துக் காட்டிய தாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. வென்டிலேட்டர் அட்டவணை. இரண்டாம் நாளிலிருந்து மணிக்கு மணி ஒரே எண்கள், நர்ஸின் கையெழுத்து மட்டும் மாறி மாறி. முப்பதாம் நாள் பாதியில் கட்டங்கள் காலியாகிவிட்டன. "ஒரு நாள்கூட கண்ணே திறக்கலக்கா" என்றாள்.

அவர் மரணம் தொலைந்துபோகவில்லை, இறப்புப் புள்ளிவிவரத்தில் அது வந்துவிடும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஃபைல்கள் குவிந்துகிடந்தன. அதுவும் உண்மை.

அப்புறம் யோசித்தேன். தீவிர சிகிச்சை ஒருவரை இத்தனை நாள் தாங்கிப் பிடிக்கும்போது, பிழைத்தவர் கூடினார் என்ற வரியில் இவரைப் போல எத்தனை பேர்? ஒருவரால் சதவீதம் நகராது. நகராவிட்டால் எனக்கு ஏன் இந்தக் குடைச்சல்?

அடுத்த வாரம் இன்னொரு ஃபைல், 31-ஆம் நாள் மரணம். அவள் காலண்டரில் பேனா முனையால் நாட்களை எண்ணினாள், டிக் அடித்தாள், என் பக்கம் திரும்பாமல் அடுத்ததை எடுத்தாள். அன்றைக்கு எனக்கு அது நிம்மதியாக இருந்தது.