முதல் வெளிநாட்டுப் பயணமா? முதல்ல பேரைச் சரி பண்ணுங்க

மக்களே, நம்ம ஊர்ல 'எஸ். குமார்'னு இனிஷியலோடயே காலம் ஓடிடும். பாஸ்போர்ட்டில் ஓடாது, விரிச்சுத்தான் எழுதணும். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியா விட்டு ஒற்றைப் பெயரா வாங்கினா, டிக்கெட் போடும்போதே தலைவலி. துபாய் விசிட் விசாவுக்கும் சிக்கல் வரலாம். அந்தக் கட்டத்தில் அப்பா பேரைப் போடுங்க. பாஸ்போர்ட் கட்டணம் 1500 ரூபாய் (36 பக்கம், சாதா).

கையில் காசு கம்மின்னா மலேசியா நல்ல தொடக்கம். 2026 டிசம்பர் 31 வரை நமக்கு விசா வேண்டாம், 30 நாள் தங்கலாம். பாஸ்போர்ட் இன்னும் 6 மாசமாவது செல்லணும், திரும்பி வர்ற டிக்கெட்டும் கையில இருக்கணும். இறங்குறதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள எம்.டி.ஏ.சி. (மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டை) படிவத்தை ஆன்லைனில் நிரப்பணும். அது இலவசம்; காசு கேட்டா போலித் தளம்.

நாகர்கோவில்ல இருந்து திருவனந்தபுரம் வரைக்கும் ரயிலே போதும்; ஸ்டேஷன்ல இருந்து ஏர்போர்ட்டுக்கு மட்டும் ஆட்டோ பிடிச்சுக்கலாம்.

மலிவு டிக்கெட்ல பெரும்பாலும் 7 கிலோ கைப்பைதான். சொந்தக்காரங்களுக்குன்னு முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும் அடுக்கிட்டு கவுன்டர்ல நின்னா, மிச்சம் பிடிச்ச காசு அங்கேயே போயிடும்.

டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை பேங்க் ஆப்ல ஆன் பண்ணிட்டுக் கிளம்புங்க. மலேசியால ஏ.டி.எம். 'ரூபாயா, ரிங்கிட்டா?'ன்னு கேட்டா அந்த ஊர் பணமான ரிங்கிட்டையே அமுக்குங்க. ரூபாய்னா அவங்க வைக்கிற ரேட்தான்.