கீலில் கத்தி வைக்காமல் ஒரு புது முதுகு

பழைய தோல்கட்டுப் புத்தகம் ஒன்றுக்குப் புது முதுகு போட்டுக்கொண்டிருக்கிறேன். கழன்றிருந்த இரண்டு அட்டையும் நின்றுவிட்டன. முன் அட்டையைத் திறந்தால் மேசைமேல் தட்டையாகப் படிகிறது. கீலில், அதாவது அட்டை முதுகோடு சேர்ந்து மடங்கும் இடத்தில், சுருக்கமும் இல்லை, வெடிப்பும் இல்லை. பழைய முதுகுத் தோலை மேலே திருப்பி ஒட்டுவது பாக்கி, உள்தாள் பாக்கி. ஆனாலும் இந்தக் கட்டத்தை இப்போதே எழுதிவிடுகிறேன். தோலைக் கத்தியால் சீவி மெலிதாக்கும்போது கீலில் மட்டும் கைவைக்கக் கூடாது என்று ரொம்ப நாளாகச் சொல்லிவந்த கருத்துக்கு இந்தப் புத்தகமே சாட்சியாகிவிட்டது.

பிரான்சிஸ் பேக்கனின் கட்டுரைகள், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரதி, முழுக் கன்றுத்தோல் கட்டு. அட்டைகள் கழன்று, முதுகு தொட்டால் செந்தூளாக உதிர்ந்தது. உள்ளே ஒரு குறையும் இல்லை. 1597-ல் பத்தே கட்டுரைகளோடு வந்த நூல் 1625-ல் 58 ஆக வளர்ந்தது. அந்த 58-உம் இருக்கின்றன. ஃபாரம் எழுத்துகளை, அதாவது மடித்த தாள்களின் வரிசை தெரிய அடியில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளை, சரிபார்க்கும்போது ஜே, டபிள்யூ, யு-வி இரண்டில் ஒன்று காணோமே என்று பதற வேண்டாம், அச்சகங்கள் அந்த எழுத்துகளை விட்டுவிட்டு 23 எழுத்து வரிசையைத்தான் வைத்திருந்தன.

உதிர்ந்த தோலுக்கு வழக்கம்போல ஆல்கஹாலில் கரைத்த க்ளுசெல் ஜி, உதிரும் தோலை இறுக்கிப் பிடிக்கும் செல்லுலோஸ் பொருள். அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் பசையைப் பக்கத்தில் கொண்டுபோனேன். இந்த மாதிரித் தோலில் ஈரம் இறங்கினால் கறுத்துப்போகும், அந்தக் கறுப்பு திரும்ப வெளுக்காது. எண்ணெய் தடவச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எண்ணெய் உதிர்வதை நிறுத்தாது, தூசியைத்தான் பிடித்து வைக்கும்.

இனி சீவலுக்கு வருகிறேன். கழன்ற விளிம்பை லென்ஸில் பார்த்ததுமே காரணம் தெரிந்தது. அன்றைய பைண்டர் கீலில் தோலைத் தாள் கனத்துக்குச் சீவியிருக்கிறார். அட்டை மெத்தென்று திறக்க வேண்டும், கட்டு நறுவிசாகத் தெரிய வேண்டும் என்று அந்தக் காலத்தில் பரவலாகச் செய்த வேலைதான். எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. தோலின் பலம் மேற்பரப்பில் இல்லை, அடியில் பின்னிக் கிடக்கும் நாரில் இருக்கிறது. நாம் சீவுவது சதைப்பக்கத்திலிருந்து. கத்தி எடுப்பதெல்லாம் அந்த நாரைத்தான். புத்தகத்திலேயே அதிகம் மடங்குகிற இடத்தில் போய் அதை எடுத்தால் அட்டை எப்படி நிற்கும்?

அதனால் கீல் விழும் பட்டையை இருபுறமும் பென்சிலால் குறித்து, அதற்குள் கத்தி படவே விடவில்லை. ஆட்டுத்தோல், 0.8 மி.மீ. கனம், அங்கே அப்படியே இருக்கிறது. இவ்வளவு கனம் இருந்தால் அட்டை முரண்டு பிடிக்கும் என்பார்கள். அட்டையின் முதுகுப்பக்க ஓரத்தை மணல்தாளால் லேசாகச் சரித்துவிட்டால் தோலுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. சரிவு போதுமா என்று ஒட்டுவதற்கு முன்பே தோலை உலர்வாக வைத்து, மூடித் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

முழு உழைப்பும் விளிம்புக்குப் போனது. பழைய தோலுக்கு அடியில் நுழையும் கடைசி 8 மி.மீ. ஒன்றுமில்லாத அளவுக்கு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே ஒரு வரப்பு மாதிரி தெரியும். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. தோலை மேற்பரப்பு உள்ளே இருக்கும்படி மடித்து, மடிப்பின் நெடுக விரலை ஓட்ட வேண்டும்; எங்கே விரல் ஏறி இறங்குகிறதோ அங்கே இன்னும் கனம். பழைய தோலை மேலே போர்த்தி, விளக்கைப் பக்கவாட்டில் வைத்தும் பார்த்தேன். கண்ணாடிப் பலகையைச் சீவலுக்குச் சீவல் துடைக்க வேண்டும், அடியில் ஒரு துணுக்கு கிடந்தாலும் மேலே அந்த இடம் எழும்பி, கத்தி ஓட்டை போட்டுவிடும். கத்தியை நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை கத்தி தீட்டும் பச்சைப் பசை தடவிய தோல் பட்டையில் தீட்டினேன். மழுங்கிய கத்தி தோலை அறுக்காது, இழுக்கும். இழுபட்ட இடம் அலையலையாய் நிற்கும். பிளேடு மாட்டும் சீவல் கருவி வேகமானதுதான், ஆனால் இந்தக் கடைசி இறக்கத்தை அது தருவதில்லை. அதற்குக் கைக்கத்தி ஒன்றே வழி என்பது என் முடிவு.

தோல் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பைண்டிங் தோல் என்று கேட்டு வாங்கியது எனக்கு ஒருமுறை குரோம் தோலாக, அதாவது குரோமிய உப்பில் பதனிட்டதாக, வந்து சேர்ந்தது. வெட்டு விளிம்பு நீலச்சாம்பல் நிறம், மடித்து விட்டால் ரப்பர் போல நிமிர்ந்துவிடும், ஒழுங்காகச் சீவவும் வராது. தாவரச் சாற்றில் பதனிட்டது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் ஒரு சின்னத் துண்டு வரவழைத்து ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள்: உறிஞ்சிக் கறுத்து, நகத்தால் அழுத்திய தடம் அப்படியே நின்றால் முழுத்தோலுக்குச் சொல்லலாம்.

அடுத்த வேலையையும் மேசையில் எடுத்து வைத்தாயிற்று: மான்டேய்ன் கட்டுரைகள், சார்லஸ் காட்டன் மொழிபெயர்ப்பு, பிற்காலப் பதிப்பு. அதில் பின் அட்டையின் கீல் மட்டும்தான் பிளந்திருக்கிறது, அதுவும் பாதி. அதற்குத் தோலே வேண்டாம், சாயமிட்ட கோசோ தாள் (நீள நார் கொண்ட ஜப்பானியத் தாள்) போதும் என்று தோன்றுகிறது. சாயத்தைப் பேக்கன் முதுகின் உதிர்ந்த ஓரங்களிலேயே சோதித்துவிடப் போகிறேன், அங்கேயும் நிறம் பொருத்த வேண்டிய இடங்கள் நிறைய இருக்கின்றன.