தாவரப் பாடத்தில் பட்டியலை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடித்த கதை

தாவர உலகம் பாடத்தை முதல் தடவை நான் படித்தது முழுக்க முழுக்க அட்டவணையாகத்தான். பாசிகள், பிரையோஃபைட்டுகள், டெரிடோஃபைட்டுகள், ஜிம்னோஸ்பெர்ம்கள், ஆஞ்சியோஸ்பெர்ம்கள் என்று ஐந்து கட்டம் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் எட்டுப் பத்துப் பண்புகளை எழுதி ராத்திரி முழுக்க ஒப்பித்தேன். தேர்வில் பிரையோஃபைட்டான மாஸுக்கும் டெரிடோஃபைட்டான பெரணிக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டார்கள். இரண்டு கட்டமும் மண்டைக்குள் கலந்துபோய், மாஸுக்கு, அதில் இல்லாத வாஸ்குலார் திசுவை, அதாவது தண்ணீரும் உணவும் போகும் குழாய்த் திசுவை, தாராளமாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த முறை ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு படித்தேன். இந்தச் செடிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கிடைக்காத நேரத்தில் என்ன செய்கிறது? அவ்வளவுதான். பாசி தண்ணீருக்குள்ளேயே கிடப்பதால் அதற்கு வேரும் வேண்டாம், குழாயும் வேண்டாம். மாஸ் நிலத்துக்கு வந்துவிட்டது, ஆனால் தண்ணீரை மேலே ஏற்றக் குழாய் கிடையாது, அதனால்தான் தரையோடு ஒட்டிக் குட்டையாகவே இருக்கிறது; ஆண் செல் நீந்திப் போய்த்தான் முட்டையைச் சேர வேண்டும், எனவே ஈரம் இல்லாமல் கருவுறுதலும் இல்லை. பெரணிக்குச் சைலம், ஃபுளோயம் என்னும் குழாய்கள் வந்ததும் உயர முடிந்தது, ஆனாலும் அதன் ஆண் செல் இன்னும் நீந்தத்தான் செய்கிறது. மகரந்தம் வந்த பிறகுதான் அந்த ஈரப் படலத்தின் தேவை போனது. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு: ஜிம்னோஸ்பெர்ம்களான சைகஸும் ஜிங்கோவும் விதைத் தாவரங்கள், மகரந்தம் காற்றில் வருகிறது, ஆனால் முட்டையை அடையும் கடைசிச் சிறு தூரத்தை ஆண் செல் நீந்தித்தான் கடக்கிறது. 1896-ல் ஜப்பானில் இதைக் கண்டுபிடித்தார்கள். இதைப் படித்த அன்றைக்கே ஐந்து கட்டமும் ஒரே கதையாகிவிட்டது, அப்புறம் ஒப்பிக்க வேண்டிய வேலையே இல்லை.

தகவமைப்புப் பகுதியிலும் இதே கேள்வி வேலை செய்யும். செய்யாமல் எப்படி, நீர்த்தாவரம், வறண்ட நிலத் தாவரம், உவர்நிலத் தாவரம் என்று தாவரங்களைத் தண்ணீரை வைத்துப் பிரிக்கும் முறையே, 1895-ல் டென்மார்க்கின் யூஜின் வார்மிங் சூழலியலுக்கு அடித்தளம் போட்டபோது பரவலானதுதான். ஹைட்ரில்லா முழுக்க மூழ்கியிருப்பதால் அதன் இலையில் காற்றும் நீராவியும் போய்வரும் இலைத்துளையே இல்லை. அல்லிக்கு இலையின் மேல்பக்கம் மட்டும் இருக்கிறது, அடிப்பக்கம் தண்ணீரில் கிடக்கும்போது அங்கே துளை வைத்து என்ன பயன்? அரளியில் நேர்மாறு: அடிப்பக்கத்தில், குழிகளுக்குள், ரோமங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கின்றன. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பாருங்கள், வேறுபாடு கேட்டால் பேனா தானாக ஓடும்.

கொஞ்சம் நின்று படிக்க வேண்டியது கடலோர உப்புச் சேற்றில் வளரும் அலையாத்தி. கால் முழுக்கத் தண்ணீரில் நிற்கும் மரத்துக்கு எதற்குத் தடித்த, மெழுகு பூசிய இலை என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. தண்ணீர் இருக்கிறது, ஆனால் உப்பு மிகுந்திருப்பதால் வேரால் எளிதில் உறிஞ்ச முடியாது. இதைத்தான் செயலியல் வறட்சி என்கிறார்கள். அலையாத்தி மரங்களில் ரைசோஃபோரா என்ற வகை உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது, அவிசென்னியா என்ற வகை இலைச் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுகிறது. சேற்றில் காற்று இல்லாததால் அவிசென்னியாவின் சுவாச வேர்கள் மண்ணுக்கு மேலே குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும். உப்புச் சேற்றில் விதை முளைப்பது கடினம், ரைசோஃபோராவிலோ விதை மரத்திலிருக்கும்போதே முளைத்துவிடும். ஒரே இடத்தில் மூன்று சிக்கல், மூன்று தீர்வு. நெடுவினாவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

சறுக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். சப்பாத்திக்கள்ளியின் தட்டையான பச்சைப் பகுதி இலை அல்ல, தண்டு. முள்தான் மாறிய இலை. கள்ளி என்று நாம் சொல்லும் எல்லாம் ஒரே குடும்பமும் அல்ல: கீறினால் பால் வடிகிற யூஃபோர்பியா வேறு, பஞ்சு போன்ற மேட்டிலிருந்து முள் கிளம்பும் கேக்டஸ் வேறு, ஒரே மாதிரி வறட்சி இரண்டையும் ஒரே உருவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. குடுவைத் தாவரம் பூச்சியைப் பிடிப்பது நைட்ரஜனுக்காகத்தான்; ஒளிச்சேர்க்கையும் அது செய்கிறது, செய்யாது என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

இன்னொன்று, இது என் சொந்த எரிச்சல்: “தண்ணீரைச் சேமிக்க விரும்பிய கள்ளி தன் இலைகளை முட்களாக மாற்றிக்கொண்டது” என்று எழுதாதீர்கள். செடி எதையும் யோசித்து மாற்றவில்லை. நீரிழப்பு குறைவாக இருந்தவை பிழைத்து விதை விட்டன, அந்தப் பண்பு தலைமுறை தலைமுறையாகத் தங்கியது. இந்த ஒரு வாக்கியத்தைச் சரியாக எழுதினாலே பாடம் புரிந்தவர் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

செய்முறைக்கு ஒரு சின்ன வழி. இலையின் இரண்டு பக்கமும் நிறமில்லாத நெயில் பாலிஷை மெல்லிசாகத் தடவி, காய்ந்ததும் ஒட்டும் டேப்பால் உரித்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். இலைத்துளைகளின் அச்சு அப்படியே தெரியும், எந்தப் பக்கம் அதிகம் என்று எண்ணிப் பார்க்கலாம். வழவழப்பான இலையாக எடுங்கள். நான் முதலில் ரோமம் நிறைந்த இலையில் தடவி, உரித்தால் ரோமம்தான் வந்தது.